ஆதாரம் தேவை

"ரெண்டே வரியா? நம்ம வீட்டுக்கு ரெண்டே வரியா?"

பல் டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருடைய பூர்வீக வீட்டைப் பற்றி யாரோ எழுதியிருந்தது அவ்வளவுதான். இந்தத் தெருவில் இப்படி ஒரு பழைய வீடு இருக்கிறது. கட்டிய வருஷம் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருக்கிறது. கதை முடிந்தது.

"அதுல யார் வேணாலும் எழுதலாம்ப்பா. நீங்களே எழுதுங்களேன்," என்றாள் மகள்.

சொன்னதுதான் தாமதம், டாக்டர் வேலையில் இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் மொத்தமும் அந்த வீட்டில் கூடுகிறது. பெரிய திரையில் கட்டுரையைக் காட்டப்போவதாக எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தாயிற்று. இனி பின்வாங்கினால் மானம் போய்விடும்.

'ஊர் போற்றும் வள்ளலான என் கொள்ளுத்தாத்தா வியர்வை சிந்திக் கட்டிய மாளிகை' என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் மூன்று பத்தி எழுதினார்.

உள்ளே போய் ஒருவருக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து பார்த்தால், மூன்று பத்தியையும் யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

"எவன் செஞ்ச வேலை இது?"

"நத்தைன்னு ஒருத்தர்ப்பா. புனைபெயர். இந்த ரெண்டு வரியை எழுதியிருந்ததும் அவர்தான். காரணம் போட்டிருக்கார் பாருங்க. 'வள்ளல் என்பது புகழ்ச்சி. கட்டியவர் இவர்தான் என்பதற்கு ஆதாரம் தேவை.'"

"எங்க வீட்டுக்கு என்கிட்டயே ஆதாரம் கேக்கறானா?"

மறுபடி எழுதினார். மறுபடி காணாமல் போனது. இந்தத் தடவை நத்தை ஒரு குறிப்பும் விட்டிருந்தது.

'புதியவர் என்று தெரிகிறது, வாருங்கள். குடும்பத்தார் வாய்வழியாகச் சொல்வது இங்கே செல்லாது. அச்சில் வந்தது ஏதாவது இருந்தால் தாருங்கள். அடிக்குறிப்பு போட நான் சொல்லித் தருகிறேன்.'

"கொழுப்பைப் பாத்தியா! எனக்குச் சொல்லித் தர்றானாம்."

"அவர் கேக்கறது நியாயம்தானேப்பா? ஆமா, நிஜமாவே கொள்ளுத்தாத்தாதான் கட்டினாரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"பின்னே வேற யாரு கட்டினா? போய் உன் வேலையைப் பாரு."

அந்த எரிச்சலோடு, எல்லோரும் பார்க்கும் உரையாடல் பக்கத்தில் ஒரு வரி தட்டினார். 'சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாத பரம்பரையில் வந்தவர்களுக்கு இதன் அருமை புரியாது.'

"ஐயோ, இது ரொம்ப ஓவர்ப்பா. அழிச்சிடுங்க."

"இருக்கட்டும். உறைக்கட்டும்."

அதற்கு நத்தை பதிலே சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கட்டுரை தானாக வளர்ந்திருந்தது. டாக்டர் கோணலாக எடுத்துப் போட்ட படம் நிமிர்ந்திருந்தது. தூண்களைப் பற்றி, மாடிப்படியைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தது. 'கட்டினார்' மட்டும் 'வாழ்ந்தார்' ஆகியிருந்தது. கூடவே புதிதாக ஒரு செய்தி. கொள்ளுத்தாத்தா அந்த வீட்டின் முன்கூடத்தை வாடகை வாங்காமல் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தாராம். பழைய பத்திரிகை ஒன்றைத் தேடிப் பிடித்து ஆதாரமும் போட்டிருந்தது நத்தை.

"அட, இது எனக்கே தெரியாதே!" என்றார் டாக்டர். உடனே சுதாரித்துக்கொண்டு, "நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டதும் எப்படி வழிக்கு வந்தான் பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை. முன்கூடம் நிறைய உறவுக்கூட்டம். திரையில் கட்டுரையைப் பார்த்ததும் எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை.

"எல்லாம் சரிதான். கட்டினார்னு போடாம வாழ்ந்தார்னு போட்டிருக்கியே?" என்று இழுத்தார் சித்தப்பா.

"அதையேன் கேக்கறீங்க சித்தப்பா! நத்தைன்னு ஒரு வேலைவெட்டி இல்லாதவன். நான் எழுத எழுத அழிச்சான். இருங்க, காட்டறேன். யார் எழுதினது, யார் அழிச்சது எல்லாம் இதுல அப்படியே இருக்கும்."

புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டும் அவசரத்தில் பழைய பதிப்புகளின் வரிசையைத் திறந்து, கைபோன போக்கில் கடைசி வரிக்கே போய் அழுத்திவிட்டார். நத்தை பல வருஷங்களுக்கு முன்னால் முதன்முதலில் எழுதியது திரை முழுக்க விரிந்தது.

'இந்த வீட்டைக் கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா. பிழைப்புக்காக வெளியூர் போனபோது, பார்த்துக்கொள்ளச் சொல்லி நண்பரிடம் சாவியைக் கொடுத்தார். போன இடத்தில் இறந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வந்து தட்டியபோது, நண்பர் கதவைத் திறக்கவில்லை.'

சித்தப்பா தரையைப் பார்த்தார். மற்ற பெரியவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்பா... இது நிஜமா?"

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் டாக்டருக்குத் தன் வாயைத் திறக்க முடியவில்லை. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதும் இதைத்தான். 'சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாத பரம்பரை' என்று தட்டிய விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டார்.

"இவ்வளவும் எழுதினவர், அப்புறம் ஏன் ரெண்டு வரியை மட்டும் விட்டுட்டு மீதியை எடுத்துட்டார்?"

மகள் அதற்கு மேலே இருந்த வரியை அழுத்தினாள். எழுதிய அன்றே அதை நீக்கியதும் நத்தைதான். அது போட்டிருந்த காரணத்தை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'நானே நீக்குகிறேன். எங்கள் அம்மா சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. வெறும் வாய்ச்சொல்லால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தலைகுனியக் கூடாது.'