பெரிய தலை

மூன்று நாள் சுற்றியும் சிங்கம் கண்ணில் படவில்லை. சிங்கம் பார்க்கப் பணம் கட்டி வந்து ஜீப்பில் இருந்த வெள்ளைக்காரர்கள் கேமராக்களைப் பையில் போட்டுவிட்டார்கள். ஓட்டுநர் லெமாயனுக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

ரேடியோவில் முகாம் சமையல்காரன் முத்திசோ கூப்பிட்டான். "பெரிய தலை முகாமுக்கு வந்திருக்கு. உடனே வாப்பா."

'சிங்கம் காட்டாதவன் எனக்கு வேண்டாம்' என்று சொல்லியிருந்த முதலாளியின் முகத்தில் எப்படி விழிப்பது?

"சிங்கத்தோடதான் வருவேன்னு சொல்லு." ரேடியோவை அணைத்தான்.

பொழுது சாய்ந்ததும் வெறுங்கையோடு திரும்பினான்.

"முதலாளி போயிட்டாரா?"

"அவரு எங்கப்பா வந்தாரு?" முத்திசோ சாப்பாட்டு மேசையடியில் தட்டு அகலத்துக்குப் பதிந்திருந்த கால்தடங்களைக் காட்டினான். "சிங்கத்தை சிம்பான்னு சொன்னா வெள்ளைக்காரங்களுக்குப் புரிஞ்சிடும், ரேடியோல பெரிய தலைன்னு சொல்லுன்னு பழக்குனதே நீதான். மத்தியானம் பூரா இங்கதான் படுத்திருந்துச்சு. நீ சிங்கத்தோட வர்றேன்னியா, சரி, இன்னொண்ணு கெடச்சிருச்சுன்னு விட்டுட்டேன்."