படத்தில் மட்டும் எரிந்த வீடு

ஹெல்மெட் இரண்டாவது முறை இறங்கியபோது நேசையன் சாரின் பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

அடித்தது என் அண்ணன் பாண்டிதுரை. எலினா, உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். படித்ததும் அழித்துவிடு.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர், படம் விட்ட நேரம், வண்டி ஸ்டாண்டில் நூறு பேராவது இருந்தார்கள். எல்லாரும் போனைத் தூக்கினார்கள்.

"எங்க பூட்டன் கொலகாரனாலே? சொல்லு, கொலகாரனா?"

ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை கேட்டான். பதில் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

அந்தப் படம் ஒரு பழைய நாவலிலிருந்து எடுத்தது. நாவலின் நாயகன், பெயர் மாற்றிய எங்கள் பூட்டன். அப்பாவின் தாத்தா. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் மறுபதிப்பே வராத அந்தப் புத்தகம்தான் வரும். பூட்டனின் திதியன்று அப்பா அதன் கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். பஞ்ச காலத்தில் பூட்டன் தன் நெல்லையெல்லாம் ஊருக்கு அள்ளிக் கொடுக்கிற பக்கம்.

படம் அதற்குப் பிறகும் கால் மணி நேரம் ஓடுகிறது. பூட்டன் தம்பி வீட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டுக் கூரைக்குத் தீ வைக்கிறார். உள்ளே தம்பி, தம்பி பெண்டாட்டி, கைக்குழந்தை.

வழக்கம்போல நாவலையும் படத்தையும் ஒப்பிட்டு வீடியோ போட்டேன். நடிப்புக்கு எட்டு. பாட்டுக்கு ஏழு. நாவலுக்கு உண்மையாக இருந்ததற்குச் சைபர். எங்கள் வீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, இதற்கு மேல் ஒரு வரி கிடையாது, தீ வைத்தது திரைக்கதை எழுதியவர்தான் என்றேன்.

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். நீகூட ஹார்ட் போட்டாய்.

அந்தத் திரைக்கதையை எழுதியவர்தான் நேசையன் சார். இன்று சாயங்காலக் காட்சி முடிந்ததும் பார்வையாளர்களிடம் பேச வந்தார். புத்தகத்தோடு நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அண்ணனிடம் கூட்டிப்போகச் சொன்னேன். முதலில் வேண்டவே வேண்டாம் என்றான். பிறகு இரண்டு கூட்டாளிகளோடு வந்தான்.

வண்டி ஸ்டாண்டில் மறித்துக் கேட்டபோது சாருக்குக் கோபமே வரவில்லை. என் புத்தகத்தை வாங்கி விரித்து, முதுகுத் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் தோள்பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, ஒன் புத்தகத்துல கடைசி அத்தியாயமே இல்லையேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். ஹெல்மெட் இறங்கியது.

விழுந்த பிறகும் உதைத்தார்கள். கூட்டாளிகளில் ஒருவன் குனிந்து, "எழுதுன கை எதுவே, இதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு அவர் வலது கைமேல் ஏறி நின்றான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவருடைய பிரதி இப்போது என் மடியில் இருக்கிறது. அட்டையில் ரத்தம் காய்ந்து விரலில் ஒட்டுகிறது.

படித்துவிட்டேன். பூட்டு இருக்கிறது. கூரை இருக்கிறது. கைக்குழந்தையும் இருக்கிறது. படத்தில் அது அழுவதில்லை. நாவலில் கூரை விழுகிறவரை அழுகிறது.

எங்கள் புத்தகத்தையும் விரித்துப் பார்த்தேன். தையலோரம் பிளேடு ஓடிய தடம், ஸ்கேல் வைத்தது போல நேராக.

சாரை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. காலையில் போலீஸ் வரும். வீடியோ போட்டவள் நான். என்னிடம்தான் கேட்பார்கள்.

சற்று முன்பு அண்ணன் வந்து கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை.

"ஏட்டி, அந்தாளு புத்தகம் ஒங்கிட்டதான இருக்கு? படிக்காத. கடைசி ஏழு தாள மட்டும் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு எங்கிட்ட குடு. ரெண்டு புத்தகமும் ஒண்ணு போலதான் இருக்குன்னு போலீஸ்ட்ட காட்டிருவோம்."

எண்ணிப் பார்த்தேன். கடைசி அத்தியாயம் சரியாக ஏழு தாள்.

அந்தப் பிரதியை அவன் கையால்கூடத் தொடவில்லை, எலினா. படத்தில் வந்தது பொய் என்றுதானே அவரை அடித்தான்?