பிழை பார்த்தவர்

"அவர் தூங்கற நேரமாப் பார்த்து, அவரோட கம்ப்யூட்டர்ல உங்களுக்கு என்ன வேலை, மாப்பிள்ளை?"

மாமியார் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். விசைப்பலகை மேல் இருந்த மருமகனின் கை அப்படியே நின்றது. திரையில், அவள் கணவர் காலையில் எழுதிய பக்கம்.

"நாலு நாளா கவனிக்கிறேன். மதியம் சாப்பிட வர்றீங்க, நேரா இங்க வந்து குடையறீங்க. அவர் எழுத்துல ஒரு புள்ளியை மாத்தினாக்கூட அவருக்குப் பொறுக்காது, தெரியுமில்ல?"

தெரியாமலா? நாற்பது வருஷம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவர். மருந்துக் கடை ரசீதைக்கூடச் சும்மா விடமாட்டார். ஓய்வுபெற்ற பிறகு தினம் ஒரு பக்கம் வலைப்பூவில் எழுதுகிறார். படம், வண்ணம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. அவர் எழுதிச் சேமித்துவிட்டால் போதும். மருமகன் போட்டுக் கொடுத்த யூனிக்ஸ் கட்டளைகள் மாலை ஆறு மணிக்குத் தாமாகவே ஓடி, அதை வெளியிட்டுவிடும்.

போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தபோதும் எழுத்து நிற்கவில்லை.

"கைதான் போச்சு, கண்ணு போகலை. ஒரே ஒரு பிழை காட்டுங்க பார்ப்போம்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார்.

மருமகன் குரலைத் தாழ்த்தினான். "இதைப் படிங்க அத்தை."

படித்தாள். வாசகர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வாகசர்'. கடிதம், 'கதிடம்' ஆகியிருந்தது. பத்து வரிக்குள் ஏழெட்டு.

"தினமும் இப்படித்தானா?"

"உடம்பு முடியாமப் போனதுலேர்ந்து இப்படித்தான். எழுத்து இடம் மாறிடுது. அது அவர் கண்ணுல படறதில்ல. தெரிஞ்சா அன்னிக்கே எழுதறதை விட்டுடுவார். அதான் ஒரு பட்டியல் வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் தப்பு, அந்தப் பக்கம் சரி. வெளியிடறதுக்கு முன்னால கம்ப்யூட்டரே பார்த்து மாத்திடும். புதுசா ஏதாவது தப்பு வந்தா, மதியம் வந்து பட்டியல்ல சேர்த்துட்டுப் போவேன்."

"நான் பாட்டுக்கு என்னென்னமோ நினைச்சுட்டேன்..."

"என்ன, மாமியாரும் மருமகனும் என் மேஜையில?" கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாமனாரே வந்துவிட்டார்.

"சும்மா படிச்சுட்டிருந்தோம், மாமா."

"பிழை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல." அவள் முந்திக்கொண்டாள்.

"இருக்காதே!" சிரித்தபடி முகம் கழுவப் போனார்.

மருமகன் பெருமூச்சு விட்டான். பட்டியலைத் திறந்து, அடிவரைக்கும் போனான். போனவன் திரையையே வெறித்துப் பார்த்தான்.

"என்னாச்சு, மாப்பிள்ளை?"

"கடைசி ஒன்பது வரி நான் எழுதினதில்ல, அத்தை. அது மட்டுமில்ல, நான் சந்திப்பிழை விட்ட ரெண்டு இடத்தையும் மாமா திருத்தி வெச்சிருக்கார்."