பல் முளைக்கட்டும்

"வாயில ஒத்தப் பல்லு இல்ல. சாமிக்குப் பாட்டு வாத்தியார் ஒரு கேடா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கறவங்களுக்குப் பல்லு இருக்குது, சிரிக்கட்டுமுங்க."

பச்சமுத்துவும் அவன் பெண்டாட்டி சௌந்திரமும் உச்சக் குரலில் இருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் மாரக்காள் கையிலிருந்த முறத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஒட்டுக்கேட்பது அவளுக்குப் பிடிக்காது. சண்டை தானாக வந்து காதில் விழுந்தால் அவள் என்ன செய்வாள்?

"கஞ்சி உள்ள போனா உடனே தூக்கம். இதுல பாட்டு வேற."

"முழிச்சிருக்கறப்போ சொல்லிக் குடுக்கட்டும். பஜனைச் சத்தம் கேட்டா சாமி தொடையில தாளம் போடறத நீங்க பாத்ததில்லையா? வாத்தியாரு இன்னைக்கே வாரேன்னுட்டாரு."

மாரக்காளுக்கு வயிறு எரிந்தது. சௌந்திரம் சாமி, சாமி என்று கொஞ்சும் மகன் சடையனுக்கு எட்டே மாதம். அதற்குள் பாட்டா? செய்யக்கூடியவள்தான். அந்தப் பிள்ளைக்குச் சட்டை தைக்க ஆட்டையாம்பட்டியில் ஆள் இல்லையென்று சேலத்துக்கே போனவள்.

மாரக்காளின் மகள் பொன்னாயிக்கு ஏழு வயது. போன வாரம்தான் சுவாமிநாத வாத்தியார் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. 'ச' என்றால் காற்றுதான் வருகிறது, பல் முளைக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டபின் பாட்டுக்கென்று அவரிடம் இருப்பதே ஒரு மணி நேரம். அதையும் சடையன் பிடித்துக்கொண்டால் பொன்னாயி பாடினாற்போலத்தான்.

சாயங்காலம் வாத்தியார் தெருவில் திரும்பியதும் மறித்தாள்.

"ஏனுங்க, எம்புள்ளைக்கு ரெண்டு பல்லு இல்லேன்னு திருப்பி உட்டீங்க. பக்கத்தூட்டுல ஒண்ணுமே இல்லாத வாய்க்கு நீங்களே நடந்து வாரீங்க. நாயமுங்களா?"

"அங்க முளைக்கற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க" என்றபடி அவர் உள்ளே போனார். மாரக்காளும் விடாமல் பின்னால் போனாள்.

சடையன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பப் பாட்டு யாருக்கு?"

"சாமிக்குத்தாங்க்கா. எங்கூட்டுல மாமனும் சாமிதான்" என்றாள் சௌந்திரம்.

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், எழுபது வயது மாமனார் சென்றாயன்.

"ஏழு வயசுல கேட்டேன் தாயி" என்று பொக்கை வாயைத் திறந்தார். "பல்லு முளைக்கட்டும்னு எங்கப்பன் சொன்னாரு. முளைச்சுது. காட்டு வேலையில மறந்துட்டேன். அதுவும் விழுந்துபோச்சு."

மாரக்காளுக்கு அப்பாடா என்றிருந்தது. "எம்புள்ளையும் பக்கத்துல உக்காரட்டுமுங்களா?"

"வரச் சொல்லு. எனக்கும் தனியாப் பாட வெக்கமா இருக்குது."

வாத்தியார் இரண்டு வாயையும் நினைத்துப் பார்த்தார். மறுக்க வழியில்லை.

ஒன்பது வருஷம் கழித்துப் பொன்னாயியை ஜேடர்பாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் பாடச் சொன்னபோது, பல்லெல்லாம் முளைத்த பொன்னாயி வெட்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்காக எழுந்து கணீரென்று பாடியவர், அவளோடு ஒரே பாயில் படித்த அந்தப் பொக்கை வாய்க்காரர்தான்.