திங்கட்கிழமை லீவு

"உசுரை விடச் சம்பளம் பெருசாப் போச்சுங்களாப்பா உங்களுக்கு?"

பஷீர் அகமதுவின் டீக்கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். மாதேஷ் தன் அப்பாவைப் பார்த்துக் கேட்டே விட்டான்.

அப்பா சித்தன் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர் அவர். ஏற்காடு மலைப்பாதையில் விழும் கல்லை அகற்றுவது, வளைவுகளில் புதர் வெட்டுவது என்றே ஆயுசு ஓடிவிட்டது. வரும் ஆனியில் ரிட்டயர்மென்ட்.

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். மாதேஷ்தான் சேலத்துக்குக் கூட்டிப் போனான். இதயத்தில் அடைப்பு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் பச்சையாகவே சொன்னார். பாரம் தூக்கவே கூடாது என்றும் சொன்னார்.

செலவைப் பற்றிக் கவலை இல்லை. அரசு ஊழியருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, மெடிக்கல் லீவு இருக்கிறது. ஆனால் மனுஷன் ஆபீசில் வாயுப்பிடிப்பு என்று சொல்லிவிட்டு, மறுநாளே கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். யாருக்குத்தான் கோபம் வராது?

"எனக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தாச் சம்பளத்துல புடிக்கிறாங்க. உங்களுக்குப் படுத்துக்கிட்டே சம்பளம் வரும். ஆபரேஷனும் சும்மா. அப்பறமும் கல்லுத் தூக்கப் போறீங்களே, எதுக்குங்க இந்தப் பேராசை?"

"லீவைச் சேத்து வெச்சா ரிட்டயராகும்போது காசாக்கிக்கலாம்ல. கவர்மென்ட் சம்பளத்துல ஊறுன ஒடம்பு, லேசுல விடுமா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். கடையே சிரித்தது.

மாதேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒரு ரிசார்ட்டில் ரூம் பாய். படுக்கை விரிக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், வந்தவர்கள் வாந்தி எடுத்தால் கழுவ வேண்டும். வார லீவு கிடையாது. சீசன் முடிந்தால் பாதிப் பேரைக் கூப்பிடும்போது வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன மழைக்காலம் முழுக்க அவன் வீட்டில்தான் கிடந்தான்.

முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கால் காசு என்றாலும் கவர்மென்ட் காசு வேண்டும் என்கிற ஊர் இது. கரடியூரில் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்குக் கவர்மென்ட் வேலையா என்று பெண்ணின் அப்பா கேட்டார். இல்லை என்றதும் அவர் வேறு எதுவுமே கேட்கவில்லை.

அப்படிப்பட்டவன் மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் திங்கட்கிழமை லீவு வாங்கியிருக்கிறான். சேர்த்துவிட்டுத் திரும்பினால் வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை என்று சொல்லித்தான் மேனேஜர் லீவே கொடுத்தார். அதற்கும் துணிந்துதான் வந்திருந்தான்.

"ஆனி வரட்டும் கண்ணு, அப்பறம் நீ சொல்ற எடத்துக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுச் சித்தன் எழுந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் பஷீர் அகமது மாதேஷைக் கடையின் பின்பக்கம் கூப்பிட்டார். சித்தனும் அவரும் வயசுப் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்தே சிநேகிதர்கள்.

"சொல்லக் கூடாதுன்னு உங்கப்பன் எங்கிட்டச் சத்தியம் வாங்கிருக்கான் கண்ணு. ஆனா நாலு பேரு முன்னால நீ அவனைப் பேராசைக்காரன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு என்னால நிக்க முடியல."

"என்னங்க பாய்?"

"ரிட்டயராகிச் செத்தா உங்கம்மாவுக்குப் பென்ஷனோட சரி. வேலையில இருக்கும்போதே செத்தாத்தான் உனக்கு வாரிசு வேலை. ஆபரேஷன் பண்ணிப் பொழைச்சுக்கிட்டா ஆனி வந்துருமாம், எம் பையன் கடைசி வரைக்கும் அடுத்தவன் கக்கூசைத்தான் கழுவோணுங்கறான். நொம்பப் பெரிய கல்லாப் பாத்துப் பாத்துத் தூக்கறான் கண்ணு. நானே பாத்தேன். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரு."

மாதேஷ் கடையை விட்டு வெளியே பாய்ந்தான். அழுதபடியே ரோட்டில் ஓடினான்.

அடுத்த வளைவிலேயே அப்பா தெரிந்தார். முந்தின நாள் மழையில் உருண்டு வந்திருந்த ஒரு பாறைக் கல்லைக் கட்டிப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவது இங்கேயே கேட்டது.

ஓடி வந்தவன் நின்றான்.

கத்திக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கரடியூர்க்காரர் கேட்ட கேள்வி ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. வரப்போகும் மழைக்காலமும் ஞாபகம் வந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக நடந்தான்.

மகனின் முகத்தைப் பார்த்ததும் சித்தன் கல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நாலு பேர் முன்னால் மகன் அப்படிப் பேசியது அவருக்கும் வலித்திருக்க வேண்டும்.

"அழுகாத சாமி. உன்னைய இப்படி அழுக வெச்சு நான் என்னத்தைச் சாதிக்கப் போறேன்? நீ சொல்றபடியே திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போலாம். பொழைச்சே கெடக்கறேன்."

மாதேஷ் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் பாதி தள்ளியிருந்த கல்லைப் பார்த்தான்.

"திங்கக்கெழமை லீவு குடுக்க மாட்டேனுட்டாங்கப்பா," என்றான். "ஆனி வரட்டுங்க."