ராசியான மூலை

"அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க சார். மத்த மூணும் நல்லாத்தானே இருக்கு?"

பழைய பேப்பர் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் தராசு டெக்னீஷியனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

டெக்னீஷியனைப் பற்றி ஒரு வார்த்தை. மனைவி முடியை வெட்டிக்கொண்டதையோ, மகள் புதிதாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியதையோ அவர் தானாகக் கவனித்ததாகச் சரித்திரம் கிடையாது. இதை அவரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். ஆனால் தராசு துளி பொய் சொன்னாலும் பிடித்துவிடுவார். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு உலகத்துத் திருடர்கள் அத்தனை பேரையும் பிடித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வருஷா வருஷம் நடக்கும் சோதனைக்காக வந்திருந்தார். மூட்டை நிறுக்கும் மேடைக்கு அடியில், மூலைக்கு ஒன்றாக நாலு லோடு செல். மேலே பாரம் ஏறினால் அந்த இரும்புத் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் வளையும். எவ்வளவு வளைந்தது என்று டிஸ்ப்ளேவுக்குச் சொல்லும். நாலும் ஒரே மாதிரி சொல்கிறதா என்று பார்க்க, ஒரே எடைக்கல்லை மூலைக்கு மூலை மாற்றி வைப்பார்கள்.

மூன்று மூலையில் இருபது கிலோ காட்டியது. நாலாவது மூலையில் இருபத்திரண்டு.

"எப்போலேருந்து இப்படி?"

"ரொம்ப நாளா சார். லாரிக்காரர் ஒரு மூட்டையை இந்தப் பக்கம் தொப்புனு போட்டாரு. அதுலேருந்து."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து, தெருத்தெருவாகப் பேப்பரும் அட்டையும் பொறுக்கிக் கொண்டுவரும் பெண் ஒருத்தி மூட்டையோடு உள்ளே வந்தாள்.

"முதலாளி, என் மூலை காலியா?"

டெக்னீஷியன் நிமிர்ந்தார். "அது என்னம்மா, உங்க மூலை?"

"மத்தவங்க மூட்டையெல்லாம் நடுவுல வைப்பாங்க சார். என்னோடதை மட்டும் முதலாளி இந்த மூலையிலதான் வைக்கச் சொல்வாரு. எனக்கு ராசியான மூலையாம்!"

டெக்னீஷியனுக்கு ரத்தம் கொதித்தது. ஆள் பார்த்து, அதுவும் வாயில்லாப் பூச்சியாகப் பார்த்து அடிக்கிறானே, இவனெல்லாம் மனுஷனா? கடைக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ரெண்டு கிலோ கூடக் காட்டுது. இது பகல் கொள்ளைய்யா!"

"சார், சத்தம் போடாதீங்க. அந்தக்கா போகட்டும். நாளைக்கு வந்து பண்ணுங்களேன்."

"எதுக்கு, இன்னும் ஒரு நாள் கொள்ளையடிக்கவா? அவங்க முன்னாடியே பண்றேன், பாருங்க!"

மேடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். அந்த மூலைக்கான திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். இருபத்திரண்டு இறங்கி இறங்கி இருபதில் வந்து நின்றது. தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்ளாத குறைதான்.

"இப்ப வையுங்கம்மா உங்க மூட்டையை!"

அவள் வைத்தாள். டிஸ்ப்ளேவைப் பார்த்தாள். மூட்டையை எடுத்து மறுபடி வைத்தாள்.

"என்ன சார் இது? எப்பவும் கட்டற அதே சாக்கு, வாய் வரைக்கும் அடைச்சிருக்கேன். இதைவிடக் கூடத்தானே வரும்? குறையுதே!"

"இப்பதாம்மா சரியா இருக்கு. இத்தனை நாளா இந்த மூலை உங்களுக்கு..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இத்தனை வருஷமாக அவர் போனதெல்லாம் விற்கிற கடைகள். காய்கறிக் கடை, கறிக்கடை, நகைக்கடை. அங்கே எடை கூடக் காட்டினால் திருட்டு. இது வாங்குகிற கடை. இங்கே எடை கூடினால் காசு போவது கடைக்காரர் பெட்டியிலிருந்து. இந்த டியூப்லைட் எரிய இவ்வளவு நேரம்! அடேய், தராசைக் கரைத்துக் குடித்தவனே, எந்தக் கடையில் நிற்கிறோம் என்று ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? தன் தலையில் தானே நறுக்கென்று குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன சார் இழுக்கறீங்க? இந்த மூலை எனக்கு என்ன பண்ணுச்சு?" அவள் விடுவதாக இல்லை. சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"முதலாளி, பாவம் பார்த்து எனக்கு எடையைக் கூட்டிப் போட்டுட்டிருந்தீங்களா? அப்படி மட்டும் இருந்துச்சு, இன்னையோட இந்தக் கடைக்கு ஒரு கும்பிடு. என் புருஷன் போனப்பகூட நான் யார் முன்னாடியும் கை நீட்டினதில்ல."

சொல்லிக்கொண்டே மூட்டையைத் தூக்கிவிட்டாள்.

கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. டெக்னீஷியனைப் பார்த்தார்.

டெக்னீஷியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மூலை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தெரியாம எதையோ திருகிக் கெடுத்துட்டேன்."

அவள் மூட்டையைக் கீழே இறக்கினாள். அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அதானே பார்த்தேன்! வேலை தெரியாதவங்களையெல்லாம் ஏன் முதலாளி உள்ள விடறீங்க? நல்லா இருந்த தராசைக் கெடுக்கறதுக்கு கையில ஒரு பை, பாக்கெட்ல நாலு பேனா!"

"எனக்கும் இவர் இப்படின்னு தெரியாமப் போச்சுக்கா" என்றார் கடைக்காரர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"தப்புதாம்மா, மன்னிச்சுக்குங்க. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணுவீங்களா, இருக்கறதையும் கெடுப்பீங்களா?"

இப்படி ஒரு டோஸ் சர்வீஸிலேயே அவர் வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டே பெட்டி முன்னால் உட்கார்ந்தார். திருகை மறுபடி திருப்பி, கிராம் பிசகாமல் பழைய தப்புக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.