வண்டி ஏன் எடுக்கவில்லை

சிக்னல் விழுந்துவிட்டது. வண்டி மட்டும் அசையவில்லை.

இன்றைக்கென்று பார்த்து அவள் முதல் ஆளாக வந்திருந்தாள். அவள் கிளம்பியதைப் பார்த்த தங்கை, கடிகாரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

எப்போதும் ஏறும் பெட்டியை விட்டுவிட்டு முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதில் ஏறினால், இறங்கியதும் ஸ்டேஷன் வாசல். வாசலுக்கு எதிரே பல் ஆஸ்பத்திரி.

அங்கே வரவேற்பு மேசை அவளுடையது. கதவுச் சாவியும் அவளிடம்தான். இன்றோடு இரண்டும் போகலாம். இன்னொரு நாள் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். வண்டி லேட்டு என்ற பருப்பு இனி அவரிடம் வேகாது.

இத்தனைக்கும் அவள் சொன்னது பொய்யில்லை. மற்ற ஸ்டேஷன்களில் நின்ற சூட்டோடு கிளம்புகிற வண்டிக்கு, இங்கே வந்தால் மட்டும் கால் வலித்துவிடும். அதைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

காரணம் என்னவென்று இன்றுதான் யோசிக்கிறாள். உட்கார்ந்து யோசிக்க இன்றுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

எதிர் வண்டிக்காகவா? அது எப்போதோ போய்விட்டது. எஞ்சின் கோளாறா? டிரைவர் வெளியே சாய்ந்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சரக்கு ஏற்றுகிறார்களா? பிளாட்பாரத்தில் ஒரு மூட்டைகூட இல்லை.

எதிர் இருக்கையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை.

"சிக்னல் போட்டு எவ்வளவு நேரமாச்சு! ஏன்க்கா இன்னும் எடுக்கல?"

"கடைசிப் பெட்டியில ஏறுற பொண்ணு இன்னும் வரலம்மா. தினமும் விழுந்தடிச்சு ஓடி வரும், பாவம். அது ஏறாம நம்ம கார்டு கொடி காட்ட மாட்டாரு."

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அந்தக் கோடியில் கார்டு, பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் வீட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, கடைசிப் பெட்டியை நோக்கி வழக்கம்போல ஓடினாள்.